ஜெர்சியில் இருக்கிற கம்பெனி பேரைப் பாருங்க: கோவில்பட்டி ஹாக்கியும் மாமாவோட சம்பளமும்

போன வாரம் சேனலில் எமர்ஜென்சி ஃபண்ட் பற்றிப் பேசும்போது போற போக்கில் ஒரு வரி சொன்னேன்: "ஊரிலிருந்து வர்ற போன் காலுக்குன்னு தனியா ஒரு பட்ஜெட் வச்சுக்கோங்க." சொல்லி ரெண்டு நாள்கூட ஆகல. எனக்கே அந்த போன் வந்துருச்சு.

அக்காதான், கோவில்பட்டியிலிருந்து. "தம்பி, இவன் ஹாக்கி ஹாக்கின்னு ஒத்தக்கால்ல நிக்கான். ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல் செலக்ஷனுக்குப் போகணுமாம். அத்தான் வேண்டாங்காக. நீ என்ன சொல்லுத?"

மருமகனுக்கு 13 வயசு, எட்டாம் வகுப்பு. அத்தானுக்கு தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை. (வெளியூர்க்காரங்களுக்கு ஒரு விளக்கம்: எங்க ஊர்ல தீப்பெட்டித் தொழிற்சாலைக்கே பேரு 'தீப்பெட்டி ஆபீஸ்'தான். ஏசி எல்லாம் இருக்காது.) குடும்பத்தில் மாசாமாசம் ஒண்ணாம் தேதி சம்பளம் வர்ற ஒரே ஆள் நான். அதனால "நீ என்ன சொல்லுத" அப்படிங்கிற கேள்விக்குள்ள "நீ எவ்வளவு தருவ"ங்கிறதும் இருக்கு. அக்கா அதை வாய்விட்டுக் கேட்கல. நம்ம வீடுகளில் கேட்கவும் மாட்டாங்க.

"ஒரு வாரம் டைம் குடுக்கா"ன்னு சொல்லிட்டு, நான் முதல்ல யோசிச்சது எஸ்.ஐ.பி.யைப் பற்றி இல்ல. எங்க ஊர்ல மே மாசம் நடக்கிற ஹாக்கி டோர்னமென்ட் பற்றித்தான். லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பை. கே.ஆர். கல்வி நிறுவனங்கள் முன்னால் நின்று நடத்துற அகில இந்தியப் போட்டி. பத்துப் பதிப்பைத் தாண்டியாச்சு. கிருஷ்ணா நகர் செயற்கைப் புல்வெளி மைதானத்தில், சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு லைட் வெளிச்சத்தில் நடக்கும்.

மே மாசக் கோவில்பட்டியைப் பார்த்திருக்கீங்களா? சுத்தி இருக்கிற கரிசல் காடு பாளம் பாளமா வெடிச்சுக் கிடக்கும். பருத்தி, உளுந்து, கம்பு எல்லாம் எடுத்து முடிச்ச வெறுங்காடு. அந்தக் காட்டு நடுவுல ராத்திரி ஒரு இடம் மட்டும் பளிச்சுன்னு நீலமும் பச்சையுமா மின்னும். அந்தச் செயற்கைத் தரைக்கு மேட்ச் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி தண்ணி அடிப்பாங்க. பந்து வழுக்கி ஓடணும், விழுந்தா தோல் உரியக்கூடாது, அதுக்காக. சீவலப்பேரியில் இருந்து குழாய் போட்டுத் தாமிரபரணித் தண்ணி கொண்டுவந்து குடிக்கிற ஊரு எங்க ஊரு. சின்ன வயசுல அந்தத் தண்ணி பீச்சி அடிக்கிறதை வேடிக்கை பார்க்கிறதே ஒரு தனி சுகம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பெருசுகள் மட்டும் "நாலு குடம் இங்கிட்டுத் திருப்பி விடுங்கப்பா"ன்னு சொல்லிச் சிரிப்பாக.

ஹாக்கிக்கு எங்க ஊர்ல இருக்கிற மரியாதை வேற. 'ஹாக்கிப்பட்டி'ன்னு ஒரு பட்டப்பேரே உண்டு. 2022-ல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்திய சீனியர் அணிக்கு முதன்முதலா இறங்கின ரெண்டு தமிழ்ப் பையன்கள், மாரீஸ்வரன் சக்திவேலும் கார்த்தி செல்வமும், கோவில்பட்டி விளையாட்டு விடுதியில் வளர்ந்தவங்க. மாரீஸ்வரன் எங்க ஊரு. கார்த்தி அரியலூர்க்காரர், ஆட்டம் பழகினது இங்க. பாகிஸ்தானுக்கு எதிரான முதல் மேட்ச்லயே கார்த்தி கோல் போட்டார், மேட்ச் 1-1 டிரா. அந்தத் தொடரில் இந்தியாவுக்கு வெண்கலம். அன்னைக்கு எங்க வாட்ஸ்அப் குரூப் இருந்த இருப்பு, என் முதல் இன்க்ரிமென்ட்டுக்குக்கூட அப்படி யாரும் கொண்டாடல.

சரி, விஷயத்துக்கு வர்றேன். பத்துப் பதினைஞ்சு வயசுல நான் ஸ்கோர் போர்டைப் பார்த்தேன். இப்ப சம்பளக்காரன் கண்ணோட பார்த்தா, வேற ஒண்ணு தெரியுது. இந்த டோர்னமென்ட்டில் ஆட வர்ற டீம்களோட பேரைக் கவனிச்சிருக்கீங்களா? இந்தியன் ரயில்வே. இந்தியன் ஆயில். ராணுவம். கனரா பேங்க். கணக்குத் தணிக்கைத் துறை. ஒரு ஊரோட பேரையோ கிளப் பேரையோ தேடிப் பிடிக்கணும். பெரும்பாலான ஜெர்சியில இருக்கிறது ஆடுற ஆளுக்குச் சம்பளம் கொடுக்கிற முதலாளியோட பேரு.

அதாவது இது பாதி விளையாட்டுப் போட்டி, பாதி ஜாப் ஃபேர். காலரியில் உட்கார்ந்து பையனுக்குக் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்துட்டு மேட்ச் பார்க்கிற அப்பா, ஒரு பக்கம் பெனால்டி கார்னரைப் பார்க்கிறார். இன்னொரு பக்கம், "அந்த எட்டாம் நம்பர்க்காரன் ரயில்வேல இருக்கானாம்ல" அப்படிங்கிறதையும் பார்க்கிறார். எங்க ஊர் அப்பாக்கள் இதை ஒரு அவமானமா நினைக்கிறதில்ல. நினைக்கவும் கூடாதுன்னுதான் நான் சொல்வேன்.

இந்தியாவில் வருடாந்திர ஹாக்கிப் போட்டியோட வரலாறே இப்படித்தான் இருக்கு. கல்கத்தாவில் பெய்ட்டன் கோப்பை 1895-ல் தொடங்கினது. பம்பாயில் ஆகா கான் கோப்பை 1896. நம்ம சென்னையில் எம்.சி.சி. கோப்பை 1901-ல், இப்ப முருகப்பா பேரோட சேர்ந்து நடக்குது. பெய்ட்டன் கோப்பையை அந்தக் காலத்தில் அதிகமா அள்ளிட்டுப் போனது யார் தெரியுமா? கல்கத்தா கஸ்டம்ஸ் டீம். சுங்க இலாகா! அப்புறம் துறைமுகம், ரயில்வே. 1933-ல் தியான் சந்த் ஆடின ஜான்சி ஹீரோஸ், அதே பெய்ட்டன் கோப்பையில் கஸ்டம்ஸைத் தோற்கடிச்சு ஜெயிச்சது. தியான் சந்த்துக்கே ஹாக்கி சோறு போட்டது எப்படி? 1922-ல் ராணுவத்தில் சாதாரணச் சிப்பாயா சேர்ந்தார், 1956-ல் மேஜரா ஓய்வு பெற்றார். உலகமே கொண்டாடின ஆட்டக்காரருக்கு அரிசி பருப்பு வாங்கிக் கொடுத்தது ராணுவச் சம்பளம்தான், டிக்கெட் காசு இல்ல.

அமெரிக்காவில் இதுக்கு வேற மாடல். அங்க காலேஜ் ஃபுட்பால் சீசன் முடிஞ்சதும் 'பவுல் கேம்'னு வருஷா வருஷம் ஒரு ஸ்பெஷல் மேட்ச் நடத்துவாங்க. பழசு ரோஸ் பவுல். 1902-ல் கலிஃபோர்னியாவில் பசடினா ஊர்க்காரங்க தங்களோட ரோஜாப்பூத் திருவிழாவுக்குக் கூட்டம் சேர்க்கிறதுக்காக நடத்தின மேட்ச் அது. மிச்சிகன் டீம் 49-0ன்னு ஸ்டான்ஃபோர்டைத் துவைச்சு எடுத்துருச்சு. போரடிச்சுப்போய் ஊர்க்காரங்க ஃபுட்பாலை விட்டுட்டு அடுத்த சில வருஷம் ரதப் பந்தயம் எல்லாம் நடத்திப் பார்த்தாங்க. திரும்ப 1916-லதான் ஃபுட்பால் வந்தது. இன்னைக்கு அந்த நாட்டில் இந்த மாதிரி மேட்ச் டஜன் கணக்கில் இருக்கு, பெரும்பாலானதுக்கு முன்னாடி ஒரு கம்பெனி பேரு ஒட்டியிருக்கும். புல்வெட்டும் மெஷின் பேர்லகூட ஒரு பவுல் இருந்திருக்கு, சத்தியமா.

அங்க கம்பெனி பேரு கோப்பைக்கு மேல. இங்க கம்பெனி பேரு ஆட்டக்காரன் நெஞ்சு மேல. கோப்பைக்கு மேல ஒரு அம்மாளோட பேரு. எனக்கு நம்ம மாடல்தான் பிடிச்சிருக்கு. ஏன்னா நம்ம மாடல்ல மேட்ச் முடிஞ்ச பிறகும் ஆட்டக்காரனுக்கு அடுத்த மாசம் சம்பளம் வரும்.

ஆனா இந்த மாடல் எத்தனை பேருக்கு இடம் கொடுக்கும்? அக்காவுக்குப் பதில் சொல்றதுக்கு முன்னாடி நான் உட்கார்ந்து போட்ட கணக்கு இதுதான். ஒரு டீமுக்கு 18 பேர்னு வைங்க. ஒருத்தர் சராசரியா 10 வருஷம் ஆடுறார்னு வைங்க. அப்ப ஒரு டீமில் வருஷத்துக்குக் காலியாகிறது ரெண்டு இடம்கூட முழுசா இல்ல. நல்ல வேலை கொடுக்கிற டீம் நாட்டில் 20 இருக்குன்னு தாராளமா வச்சாலும், வருஷத்துக்கு 36 இடம். பஞ்சாப், ஒடிசா, ஜார்கண்ட், மணிப்பூர், குடகு, கோவில்பட்டி எல்லாப் பையன்களும் இந்த 36-க்குத்தான் ஓடுறாங்க. இது நான் போட்ட கைக்கணக்கு, அரசாங்கப் புள்ளிவிவரம் இல்ல. நீங்க 20-ஐ 40 ஆக்கினாலும் 72 தான் வரும்.

இன்னொரு பக்கம் முதலாளிகளோட எண்ணிக்கையே சுருங்குது. 2017-ல் நாட்டில் 27 பொதுத்துறை வங்கி இருந்தது. 2020 ஏப்ரலுக்கு அப்புறம் 12. சிண்டிகேட் பேங்க் கனராவுக்குள்ள போச்சு, கார்ப்பரேஷன் பேங்க் யூனியன் பேங்க்குக்குள்ள போச்சு. நம்ம எல்லாருக்கும் அது வெறும் ஐ.எஃப்.எஸ்.சி. கோடு மாறின தலைவலி. ஆட்டக்காரனுக்கு? ரெண்டு பேங்க் ஒண்ணானா ரெண்டு டீம் தேவைப்படாது. இந்தியன் ஏர்லைன்ஸ், ஏர் இந்தியான்னு ஜெர்சி போட்டு தன்ராஜ் பிள்ளை காலத்து ஆட்கள் ஆடினாங்க. இந்தியன் ஏர்லைன்ஸ் 2007-ல் ஏர் இந்தியாவோட சேர்ந்தது, ஏர் இந்தியா 2022 ஜனவரியில் டாடா கைக்குப் போனது. விமான டிக்கெட் வாங்குற நமக்கு அது நல்லதா கெட்டதாங்கிறது தனி விவாதம். ஸ்டிக் பிடிச்ச பையனுக்கு ஒரு வாசல் மூடினது மூடினதுதான்.

புது வாசல் திறக்கலையான்னு கேட்டா, திறந்திருக்கு. ஹாக்கி இந்தியா லீக் ஏழு வருஷ இடைவெளிக்குப் பிறகு 2024 டிசம்பரில் திரும்ப வந்தது. தமிழ்நாடு டிராகன்ஸ்னு நம்ம டீமும் உண்டு. ஏலத்தில் ஹர்மன்பிரீத் சிங் 78 லட்சத்துக்குப் போனார். பார்க்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அவர் அப்ப இந்திய அணியோட கேப்டன். உங்க ஆபீஸ்ல சி.இ.ஓ. சம்பளத்தைப் பார்த்துட்டு ஃபிரெஷருக்கு ஹோம் லோன் எலிஜிபிலிட்டி கணக்குப் போடுவீங்களா? லீக் கான்ட்ராக்ட்டில் பி.எஃப். கிடையாது, 60 வயசு வரைக்கும் ஆபீஸ் கிடையாது. நம்ம பாஷையில் சொன்னா லீக் காசு வேரியபிள் பே, ரயில்வே வேலை ஃபிக்ஸட் பே.

அந்த ஃபிக்ஸட் பேக்குள்ளயே ஒரு பெரிய இடைவெளி இருக்கு. இதைத்தான் எங்க ஊர் வீடுகளில் யாரும் உட்கார்ந்து பேசுறதில்ல. ரயில்வே ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வயசு 18-லிருந்து 25-க்குள்ள இருக்கணும். நூறு மார்க்கில் விளையாட்டுச் சாதனைக்கு 50, டிரயலில் ஆடிக் காட்டுறதுக்கு 40, படிப்புக்கு 10. "பத்து மார்க்குதானே, படிப்பு எதுக்கு"ன்னு பசங்க நினைச்சுக்கிறாங்க. அங்கதான் தப்பு. அந்த 10 மார்க் தனி, எந்த லெவல் வேலைக்கு அப்ளை பண்ணலாம்கிறது தனி. பத்தாம் வகுப்புன்னா லெவல் 1, அடிப்படைச் சம்பளம் 18,000. பன்னிரண்டாம் வகுப்புன்னா லெவல் 2, 19,900. டிகிரியும் அதுக்கேத்த பெரிய மெடலும் இருந்தா லெவல் 4, 5. லெவல் 5 அடிப்படைச் சம்பளம் 29,200.

18,000-க்கும் 29,200-க்கும் நடுவில் 11,200 ரூபாய். வருஷத்துக்கு 1,34,400. இன்க்ரிமென்ட், டி.ஏ. எதையும் சேர்க்காம 30 வருஷத்துக்குப் பெருக்கினாலே 40 லட்சத்தைத் தாண்டுது. என்.பி.எஸ்.ல அரசாங்கம் போடுற 14 சதவீதமும் இந்தச் சம்பளத்தைப் பிடிச்சுத்தான் ஏறும்.

என்கூடப் பத்தாவது வரைக்கும் ஒண்ணா படிச்ச ரெண்டு பேரைச் சொல்றேன், பேர் வேண்டாம். ரெண்டு பேரும் ஒரே கிரவுண்டு, ஒரே கோச். ஆட்டத்தில் யார் பெஸ்ட்னு கேட்டா ஊர்ல எல்லாரும் ரெண்டாவது ஆளைத்தான் சொல்வாங்க. பந்து அவன் ஸ்டிக்ல ஒட்டிக்கிட்டு வரும். முதல் ஆள் சுமாரான ஃபுல்பேக். ஆனா ஒவ்வொரு வருஷமும் ஜூனியர் ஸ்டேட், நேஷனல்ஸ் சர்டிஃபிகேட்டை எல்லாம் லேமினேட் பண்ணி ஃபைல்ல வச்சான், கரெஸ்ல பி.ஏ. முடிச்சான். இன்னைக்கு ரயில்வேல இருக்கான், போன வருஷம் வீடு கட்டினான். ரெண்டாவது ஆள் ஊர் ஊராப் போய் அழைப்புப் போட்டியா ஆடினான். கைத்தட்டும் கப்பும் நிறைய. ஆனா ஸ்போர்ட்ஸ் கோட்டா ஃபைல்ல பேசுறது தேசிய சாம்பியன்ஷிப் சர்டிஃபிகேட். பன்னிரண்டாவதில் ரெண்டு பேப்பர் அரியர், எழுதவே இல்ல. 25 வயசு தாண்டினதும் கதவு சாத்திருச்சு. இப்ப லோடு ஆட்டோ ஓட்டுறான். போன மே மாசம் கேலரியில் என் பக்கத்துல உட்கார்ந்து மேட்ச் பார்த்தான். ஒரு ஃபார்வர்டு சும்மா கோலைக் கோட்டை விட்டப்போ, "இதெல்லாம் நான் கண்ண மூடிப் போட்ருப்பேம்ல" அப்படின்னான். உண்மைதான். போட்டிருப்பான்.

அவன்கிட்ட 17 வயசுல "ஆட்டம்தான் உனக்கு, படிப்பைப் பற்றிக் கவலைப்படாதடா"ன்னு உசுப்பேத்தினதில் நானும் ஒருத்தன். எனக்கு அப்ப என்ன தெரியும்? ஆனா அவனுக்கு அந்த ரெண்டு அரியர் பேப்பர் எழுத யாராவது கூட நின்னிருக்கலாம். அதனாலதான் இந்தத் தடவை ஒரு வாரம் டைம் கேட்டேன்.

டோர்னமென்ட் பக்கம் திரும்ப வர்றேன், ஏன்னா அங்கயும் ஒரு பணக் கேள்வி இருக்கு. பத்து நாள் போல நடக்கிற ஒரு போட்டிக்கு எவ்வளவு செலவாகும்? நடத்துறவங்க கணக்கு எனக்குத் தெரியாது, நான் சும்மா போட்டுப் பார்த்தேன். 16 டீம், டீமுக்கு 20 ஆள், 320 பேர். தோத்த டீம் முன்னாடியே கிளம்பிடும், அதனால சராசரி 6 நாள். சாப்பாடு, தங்குற இடம், வண்டி எல்லாம் சேர்த்து ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 1,000. இதுவே 19 லட்சத்தைத் தாண்டுது. பரிசு, லைட், அம்பயர் எல்லாம் தனி. அதையும் சேர்க்காம 20 லட்சம்னே வைங்க.

வருஷா வருஷம் யாரையாவது பார்த்து இந்தக் காசைத் திரட்டுறது ஒரு வழி. ஒரு தொகையை மொத்தமா போட்டு அதோட வட்டியில் நடத்துறது இன்னொரு வழி. 7 சதவீத எஃப்.டி.யில் வருஷம் 20 லட்சம் வரணும்னா சுமார் 2 கோடியே 86 லட்சம் போதும்னு தோணும். போதாது. பத்து வருஷம் கழிச்சு அதே 20 லட்சத்தில் அதே 320 பேருக்குச் சோறு போட முடியாது. எங்க ஊர் தீப்பெட்டியையே எடுத்துக்கோங்க, 2007-லிருந்து ஒரு ரூபாய்க்கு வித்தது 2021 டிசம்பர் 1-லிருந்து ரெண்டு ரூபாய். மெதுவா விலை ஏறின பொருள் அது, அதுவே 14 வருஷத்தில் டபுள், அதாவது வருஷத்துக்குச் சுமார் 5 சதவீதம். அந்த 5 சதவீதத்தை அசலோட திரும்பச் சேர்த்துட்டு, மீதி 2 சதவீதத்தை மட்டும் செலவு பண்ணணும். அப்ப 20 லட்சம் கிடைக்க 10 கோடி வேணும். 2 கோடி 86 லட்சம் எங்க, 10 கோடி எங்க? உங்க ரிட்டயர்மென்ட் கார்ப்பஸுக்கும் இதே கணக்குதான், அதையும் ஒரு தடவை எடுத்துப் பாருங்க.

2020 மே மாசம் லாக்டவுனில் அந்த கிரவுண்டு காலியாக் கிடந்ததைப் பற்றி ஊர்ல இப்பவும் பேசுவாங்க. ஒரு போட்டி நின்னு போறதுக்கு எதிரி யாரும் தேவையில்ல, சில மோசமான வருஷம் போதும். பசடினாவில் ஒரே ஒரு மோசமான மேட்சுக்கே 14 வருஷம் நின்னது. எனக்கு ஒரு ஆசை இருக்கு, அதையும் சொல்லிடறேன். சென்னை, பெங்களூர்ல எங்க ஊர்ப் பையன்கள் ஆயிரக்கணக்கில் சம்பளம் வாங்குறோம். ஊர் கொடைக்கு வரி கேட்டா மறுபேச்சு இல்லாம ஜி-பே பண்றோம். அம்மன் கொடைக்குக் கொடுக்கிறதை நான் குறை சொல்லல. அதுல பத்தில் ஒரு பங்கு இந்த மே மாசப் பத்து நாளுக்கும் போகலாம். முக்கியமா கப்புக்கு வேண்டாம், பசங்களுக்கு. ஒரு ஓப்பன் டிகிரி ஃபீஸ், ஒரு அரியர் ஃபீஸ். ஒரு ஸ்டிக் விலையைவிடக் குறைச்சல்தான்.

ஸ்டிக் விலைன்னதும் ஞாபகம் வருது. நான் விசாரிச்ச வரைக்கும் பழகுற பையனுக்கு 2,000, 3,000-ல் கிடைக்குது. கார்பன் அதிகமா இருக்கிற நல்ல ஸ்டிக் 10,000-ஐத் தாண்டுது. கோல் கீப்பர் ஆகணும்னு மட்டும் மருமகன் சொல்லிடக்கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன், அந்த கிட் விலையைக் கேட்டா நமக்கே பேட் கட்டிக்கத் தோணும். நல்ல வேளை, அவன் ஃபார்வர்டு. ஹாஸ்டலில் இடம் கிடைச்சா சாப்பாடு, தங்குறது, யூனிஃபார்ம் எல்லாம் அரசாங்கம் பார்த்துக்கும். கிடைக்கலைன்னா முட்டை, பால், ஷூ, பஸ் காசு எல்லாம் நம்ம தலைல.

சில பேர் சொல்வாங்க, "பையனோட ஹாக்கியில் இன்வெஸ்ட் பண்ணு"ன்னு. நான் அந்த வார்த்தையையே ஒத்துக்கமாட்டேன். இன்வெஸ்ட்மென்ட்னு சொன்னா ரிட்டர்ன் எதிர்பார்ப்போம். 36 இடத்துக்கு நாடே ஓடுற இடத்தில் ரிட்டர்ன் எதிர்பார்த்தா, ஒரு மேட்ச் தோத்தாலே பையன் மூஞ்சியில் நம்ம காசைத் தேடுவோம். அதே மாதிரி "ஹாக்கி ஆடி என்ன கிழிக்கப் போறான்"னு சொல்ற ஆட்கள்கிட்டயும் எனக்கு உடன்பாடு இல்ல. நான் 4 லட்சம் எஜுகேஷன் லோன் வாங்கி இன்ஜினியரிங் படிச்சேன், எங்க பேட்ச்ல அந்தப் படிப்புக்கான வேலைல இருக்கிறவங்க எத்தனை பேர்னு எண்ணினா ஒரு ஹாக்கி டீம்கூடத் தேறாது. அதுக்கு மட்டும் யாரும் "என்ன கிழிச்ச"ன்னு கேட்கல.

என் முடிவு இது. மாசம் 2,500 ரூபாய், அஞ்சு வருஷத்துக்கு. மொத்தம் ஒண்ணரை லட்சம். இதை நான் என் மார்க்கெட் எஸ்.ஐ.பி.யில் போட்டு 12 சதவீதம் வந்திருந்தா சுமார் 2 லட்சத்து 6 ஆயிரம் ஆகியிருக்கும். அதுதான் நான் விட்டுக்கொடுக்கிற காசு, தெரிஞ்சேதான் விடுறேன். என் எக்ஸெல்ல இதை 'முதலீடு' காலத்தில் போடல. வாடகை, கரண்ட் பில்லுக்குக் கீழே, செலவு காலத்தில் 'மருமகன்'னு போட்டிருக்கேன். எமர்ஜென்சி ஃபண்டைத் தொடல, டேர்ம் இன்சூரன்ஸை நிறுத்தல. மாசம் 5,000 தர முடியுமான்னு மனசு கேட்டது. முடியாது. ரெண்டாவது மாசமே கிரெடிட் கார்டில் கை வைப்பேன், அப்புறம் ஆறாவது மாசம் அக்கா போனை எடுக்க மாட்டேன். என்னை எனக்குத் தெரியும்.

அக்காவுக்கு ஞாயித்துக்கிழமை போன் போட்டேன். அத்தானையும் ஸ்பீக்கர்ல வரச் சொன்னேன். ரயில்வே லெவல் 1, லெவல் 5 சம்பளத்தைச் சொன்னேன். அத்தான் ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "18 வயசுல கிடைக்கலன்னா?"ன்னு கேட்டாக. 19 வயசு வரைக்கும் பார்க்கலாம், அதுக்குள்ள ஸ்டேட் டீம் லெவலுக்குப் போகலன்னா ஆட்டத்தை ஆசைக்கு வச்சுக்கட்டும், படிப்பு எப்படியும் நிக்கக்கூடாதுன்னு சொன்னேன். கண்டிஷன் அது ஒண்ணுதான்: ஒரு பேப்பர் அரியர் விழுந்தாலும் எழுதி முடிக்கிற வரைக்கும் புது ஸ்டிக் கிடையாது.

மருமகன் பின்னாடியிருந்து, "மாமா, ரயில்வே டீம் ஜெர்சி ஆன்லைன்ல கிடைக்குமா?"ன்னு கத்தினான். ஜெர்சி கடைல விக்காது, அவங்கதான் கொடுக்கணும்னு அத்தான் பதில் சொன்னாக. அவர் குரலில் லேசா ஒரு சிரிப்பு கேட்டது.

மே மாசத்துக்கு லீவு அப்ளை பண்ணிட்டேன், நெல்லை எக்ஸ்பிரஸ்ல டிக்கெட் வெயிட்டிங் லிஸ்ட் 11-ல் இருக்கு. ஒண்ணாம் தேதிக்கு அக்கா அக்கவுண்ட்டுக்கு ஸ்டேண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன் போட்டாச்சு. பையனோட ஷூ சைஸ் கேட்டு மெசேஜ் அனுப்பியிருக்கேன், இன்னும் பதில் வரல. கிரவுண்டுக்குப் போயிருப்பான்.